தார் பூசக் கூடாத இடம்

கராஜுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

தாருக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் விடவேண்டும், சாக்கை எந்தச் சூட்டில் தகரத்தில் ஒட்டவேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. இரண்டு காருக்கு அடியில் கிடந்து எழும்பினால் கை தானாகப் பழகிவிடும். ஆனால் கை பழகாததால் விடும் பிழை வேறு, கை பழகியதாலேயே விடும் பிழை வேறு. இரண்டாவதைத்தான் நான் விட்டேன். முதுகு ஒத்துவராமல் வேலையை விட்டபோது, ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் அண்ணை என்று கேட்டீர்கள். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் எனக்கு நாக்கு எழும்பவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுத் தொழில் வள்ளங்களுக்குக் கலப்பத்து அடிப்பது. பலகைக்கும் பலகைக்கும் இடையில் உள்ள இடுக்கில் கயிற்று நாரைத் திணித்து, மேலே தார் பூசி, ஒரு சொட்டுக் கடல் நீர் உள்ளே வராமல் செய்வதைத்தான் கலப்பத்து என்போம். ஊர்காவற்றுறைக் கரையில் என் தகப்பனும் சித்தப்பனும் அதைத்தான் செய்தார்கள். நானும் பத்து வயதிலிருந்து செய்தேன். கடலுக்குப் போக மட்டும் என்னால் ஏலாது. வள்ளம் இரண்டு ஆட்டம் ஆடினால் குடல் வெளியே வந்துவிடும். கரையில் எல்லோரும் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். அந்தக் கூச்சத்தில்தான் கரம்பொன் சந்தியில் இருந்த இந்தக் கராஜுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது வெளிநாட்டிலிருந்து கார்ச் சாமான்கள் வருவது நின்றிருந்த காலம். புதுக் கார் யாருக்கும் கிடைக்காது. இருந்த பழைய கார்களைத்தான் திரும்பத் திரும்ப உயிர்ப்பிக்கவேண்டும். தீவுப்பகுதிக் கார்களுக்கு என்ன நோய் என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சின் எண்பது வயதுவரை ஓடும். அடித்தகரம் உப்புக்காற்றில் கறள் பிடித்து அப்பளம்போல் உதிரும். தகரத்தை வெட்டி ஒட்டுப்போட்டபின் மேலே பூசுவதற்கு வெளிநாட்டுப் பூச்சு இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீர் வள்ளத்துக்குப் பூசின ஆள்தானே. காரும் ஒரு வள்ளமெண்டு நினைச்சுப் பூசும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

சத்தத்தை அடக்கும் வேலையை நானே பழகிக்கொண்டேன். பழைய சீனிச் சாக்கைத் தாரில் தோய்த்துக் கதவுத் தகரத்தின் உட்பக்கத்திலும் காலடித் தகரத்திலும் ஒட்டுவேன். வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு நடுவில் ஒரு விரலை வைத்தால் சத்தம் செத்துப்போகும் அல்லவா, அதே கணக்குத்தான். ஒட்டுவதற்கு முன் கதவைத் தட்டினால் 'டங்' என்னும். ஒட்டியபின் தட்டினால் 'டொக்' என்னும். அந்த 'டொக்' கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதைக் கேட்பதற்காகவே போகிற வருகிற கதவையெல்லாம் தட்டுவேன்.

இப்படி ஐந்து கார்களைச் செய்துமுடித்திருந்தபோதுதான் சுருவில் என்ற ஊரின் தரகர் தன்னுடைய ஏ-40 காரைக் கொண்டுவந்தார். கலியாணத் தரகர். வாய் ஓயாத மனிதர். கார் வருவதற்கு அரை மைல் முன்பே அதன் சத்தம் வரும். காரிலிருந்து இறங்கியதும் அவர் முதலாளியிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, பேச்சுக்கால் எங்க முடியிறது தெரியுமோ உமக்கு?"

பேச்சுக்கால் என்றால் கலியாணப் பேச்சு. நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"பெண் வீட்டில இல்லை. அங்க எல்லாரும் பலகாரத்தைத் திண்டுபோட்டு, நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் எண்டுதான் சொல்லுவினம். திரும்பிப் போகேக்க காருக்குப் பின்சீற்றில இருந்து குசுகுசுக்கிறதுதான் உண்மைக் கதை. முன்சீற்றில இருந்து அதைக் கேட்டால்தான் நான் அடுத்த அலுவல் பாக்கலாம். இந்தச் சனியன் போடுற சத்தத்தில எனக்கு என்ர குரலே கேக்குதில்லை!"

சிரிப்பு வந்தது. ஆனால் அவருடைய முகம் சட்டென்று மாறியது.

"இந்த முறை என்ர மகளுக்கு. பவளத்துக்கு. முந்தி இரண்டு இடம் வந்து பாத்திட்டுப் பதில் சொல்லாமலே விட்டிட்டினம். ஏனெண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஊரிலை எல்லாற்ற பிள்ளையளையும் கட்டிக் குடுத்தனான் தம்பி. என்ர வீட்டில ஒண்டு இருக்கு. இந்த இடமும் தவறினால் நான் இனி எந்த முகத்தோட இன்னொருத்தன்ர படலையைத் திறக்கிறது?"

படலை என்றால் வீட்டு வாசல் கதவு. ஒரு தரகருக்கு அதைத் திறக்க முகம் இல்லாமல் போனால் என்ன மிஞ்சும்? அந்தக் காரில் நான் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். அடித்தகரத்தில் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் இரண்டு பூச்சு. கதவுகளுக்கு உள்ளே சாக்கு. கதவின் கீழ்விளிம்பில் ஒவ்வொன்றிலும் மூன்று சிறு ஓட்டைகள் இருந்தன. முந்திய ஐந்து கார்களிலும் செய்ததுபோல அவற்றையும் கயிற்று நார் திணித்து, தார் பூசி, வழவழவென்று அடைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் ஓட்டையைக் கண்டுவிட்டுச் சும்மா போகமாட்டோம்.

தரகர் காரை ஓட்டிப்பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். சேற்றில் ஓட்டினால் பழுதாகிவிடும் என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள்வரை தன் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்தார். அந்தக் கிழமை ஏழு நாளும் மாரி மழை பெய்தது.

மாப்பிள்ளை வீடு நயினாதீவு. பெடியன் தெற்கே ஒரு பட்டணத்துக் கடையில் இருந்தார். அவர் வரவில்லை, படம் மட்டும் வந்திருந்தது. தாயும் தாய்மாமனும் லோஞ்ச் படகில் குறிகட்டுவான் துறைக்கு வருவார்கள், அங்கிருந்து சுருவிலுக்குக் காரில் கூட்டிவரவேண்டும். பெண்ணின் தகப்பன் தானே கார் ஓட்டிவந்தால் மதிப்பில்லை என்று தரகர் நினைத்தார். முதலாளியிடம் என்னைக் கேட்டார்.

"இவர்தான் வேணும். கார் ஓட்டுவார். வாய் திறக்கமாட்டார்."

காலையில் போய்க் கதவைத் திறந்தபோது அது வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது. சாக்கும் தாரும் ஏறியிருக்கிறதே, பாரமாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பிமார், காரில் ஏதாவது வித்தியாசமாகத் தெரியும்போது உடனே ஒரு சமாதானம் மனதில் வந்து நின்றால் அந்தச் சமாதானத்தை நம்பவேண்டாம். இறங்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

குறிகட்டுவானுக்குப் போகும் வழி முழுவதும் தரகர் பேசிக்கொண்டே வந்தார். பெண் எப்படி வரவேண்டும், எப்போது தேநீர் வரவேண்டும், தான் எப்போது தொண்டையைச் செருமவேண்டும் என்று எல்லாம் ஒப்பித்தார். அந்தப் பேச்சுக்குள் வேறு எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

லோஞ்சிலிருந்து தாய் இறங்கினார். மாம்பழ நிறப் பட்டுச் சேலை. ஒரு பார்வையில் ஆளை எடைபோடும் கண்கள். தாய்மாமன் வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்தார். இருவரும் பின்சீற்றில் ஏறினார்கள். கார் புறப்பட்டது. எஞ்சின் முனகுவதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. தரகர் என் தொடையில் மெல்லத் தட்டினார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

புங்குடுதீவைக் கடந்து, இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் தாம்போதி வீதியில் ஏறினோம். குறுக்கே ஒரு மாடு வந்தது. மெதுவாகப் பிறேக் பிடித்தேன்.

'களக்.'

கார் மீண்டும் நகர்ந்தது. 'களக், களக்.' பழைய சத்தம் இருந்திருந்தால் இது ஒருவருக்கும் கேட்டிருக்காது. நான் எல்லாச் சத்தத்தையும் அடக்கிவைத்த காரில், கோயில் மணிபோலக் கேட்டது.

தாய் சொன்னார். "தரகர் ஐயா, உங்கட காருக்குள்ள ஆரோ கால் கழுவுகினம் போல கிடக்கு."

தரகர் இமைக்கும் நேரமும் எடுக்கவில்லை. "அது பின்பெட்டிக்குள்ள இளநி கிடக்கு, அம்மா. உங்களுக்கெண்டுதான் புடுங்கினது."

தாய்மாமன் முன்னால் குனிந்தார். "வெட்டின இளநியோ, வெட்டாத இளநியோ?"

"வெட்டாததுதான்."

"நான் முப்பது வருசம் தேங்காய் யாவாரம் செய்தனான் காணும். முத்தின தேங்காய் குலுங்கும். இளநி வாய் திறக்காது."

தரகர் சிரித்துப் பார்த்தார். பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவின் கீழ்விளிம்பு ஓட்டைகளால் வெளியே போகவேண்டும். அதற்காகத்தான் காரைச் செய்தவன் அவற்றை விட்டிருக்கிறான். வள்ளத்துக்குத் தண்ணீர் வெளியே இருந்து வரும். காருக்கு அது மேலே இருந்து உள்ளே வந்து, கீழே போகவேண்டும். நான் ஒரு கிழமை மழையை நான்கு கதவுகளிலும் அடைத்துவைத்திருக்கிறேன்.

முன்கண்ணாடிக்கு மேலே இருந்த சிறு கண்ணாடியில் பார்த்தேன். தாய் ஒரு கையால் சேலையின் கரையைத் தூக்கிப் பிடித்துக் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுப் பலகையின் கீழால் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. அது தாரிலும் மண்ணெண்ணெயிலும் ஊறிய தண்ணீர். அந்தப் பட்டுச் சேலையில் ஒருமுறை பிடித்தால் பிறகு போகாது.

என்ன செய்யலாம்? மெதுவாக ஓட்டி, வீடுவரை தாங்கும் என்று கடவுளை நம்பலாம். நான் கார் ஓட்டவந்த வெறும் றைவர் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். அதற்காகத்தானே என்னைக் கூட்டிவந்தார்கள். உண்மையைச் சொன்னால் தரகரின் இளநீர் பொய்யாகிவிடும். பொய்காரன் வீட்டில் பெண் எடுப்பார்களா? சொல்லாமல் விட்டால் சேலை போகும், அதோடு இன்னொரு பொய்யும் வரும். பவளம் என்ற அந்தப் பிள்ளையை நான் கண்டதே இல்லை. ஆனால் அவளுடைய கலியாணம் என்னுடைய பிறேக்கில் கிடந்தது.

காரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் திரும்பி, என் வாழ்க்கையில் அதுவரை பேசாத நீளத்துக்குப் பேசினேன்.

"அம்மா, அது இளநியில்லை. கதவுக்குள்ள மழைத்தண்ணி. தண்ணி வடியிற ஓட்டையை நான்தான் தாரால அடைச்சனான். ஐயாவுக்கு அது தெரியாது. என்ர பிழை. சேலையில கறுப்புப் பிடிக்கும், ஒருக்கா இறங்குங்கோ."

தரகர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

எல்லோரும் இறங்கினார்கள். கருவிப் பையிலிருந்து நீள ஆணி ஒன்றை எடுத்து, வீதியில் மல்லாந்து படுத்து, பின்கதவின் விளிம்பில் குத்தினேன். நாரும் தாரும் பிய்ந்துகொண்டு வந்தன. என் கையாலேயே வடிவாக அடைத்த ஓட்டை என்பதால் திறக்க நேரம் எடுத்தது. பிறகு தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. ஒரு கதவிலிருந்து ஒரு வாளி வந்திருக்கும். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. தார்வீதியில் ஒரு சிற்றாறு ஓடிக் கடலில் விழுந்தது.

சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, காருக்கு ஒண்டுக்கு வந்திட்டுதோ?"

தாய்மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"நீர் ஏன் தம்பி அதை அடைச்சனீர்?"

"எங்கட வீட்டில வள்ளத்துக்குத் தார் பூசுறது அம்மா. ஓட்டையைக் கண்டால் கை சும்மா இராது."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மட்காட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஐயோ, உம்மைப்போல ஒராள் இண்டைக்கு வந்த லோஞ்சில இருந்திருந்தால் எங்கட கால் நனைஞ்சிராது!"

மீண்டும் ஏறினோம். சேலை தப்பிவிட்டது. ஆனால் தரகர் வீடு போய்ச் சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. 

அவர்கள் உள்ளே போனபின், நான் காலடிச் சாக்குகளை ஒற்றி எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். யன்னல் திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. கேட்டது.

பவளம் தேநீர்த் தட்டோடு மெல்ல மெல்ல, நிலத்தைத் தடவுவதுபோல நடந்து வந்தாள். தாய் கோப்பையை எடுத்தபடி, "பிள்ளை, உங்கட அப்பா இளநி எண்டவர். தேத்தண்ணிதான் வருது" என்றார்.

"இளநியோ? எங்கட வளவில தென்னையே இல்லையே."

தரகர் தொண்டையைச் செருமினார். தாய்மாமன் தாம்போதியில் நடந்ததை முழுவதும் சொன்னார். மீன்காரர் சொன்னதையும் விடவில்லை. பவளம் சிரிக்காமல் கேட்டாள்.

"அந்த அண்ணை தானாவோ சொன்னவர்? ஒருத்தரும் கேக்காமலோ?"

"ஓம் பிள்ளை. காரை நிப்பாட்டிப்போட்டுச் சொன்னவர்."

அவள் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். நிமிர்ந்து, இருவரையும் வடிவாகப் பார்த்தாள்.

"அப்ப நானும் சொல்லிப்போடுறன். இது இல்லாட்டில் எனக்கு உங்கட முகம் தெரியாது. முந்தி வந்து பாத்தவைக்கு முன்னால அப்பா கழட்டச் சொன்னவர். ஒரு இடத்தில தேத்தண்ணித் தட்டைத் தூணுக்கு நீட்டினனான். தூண் எடுக்கேல்லை."

யன்னலால் தரகரின் ஒரு கை மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அவருடைய தலையில் இருந்தது.

திரும்பும் பயணம் தொடங்கியபோது நான்கு கதவுகளும் காய்ந்திருந்தன. கார் இறகுபோலப் போனது. தரகர் முன்னால் பார்த்தபடி கல்லாக இருந்தார்.  பிறகு தாய் மிக மெல்ல, தமையனின் காதுக்குள், ஆனால் எனக்கும் தரகருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க, சொன்னார்.

"கண்ணாடி போட்டால் என்ன அண்ணை. எங்கட பெடியன்ர படத்தில இருக்கிற தலைமயிர் இப்ப எங்க?"

"சத்தம் போடாதை. ஐஞ்சு வருசத்துக்கு முந்தின படமெண்டு அவைக்குத் தெரியாது."

தரகரின் காதுகள் சிவந்தன. நான் வீதியை மட்டும் பார்த்து ஓட்டினேன். ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

லோஞ்ச் புறப்பட்டுப் போனபின் தரகர் என் கையைப் பிடித்தார்.

"கேட்டனீரோ?"

"ஓம் ஐயா."

"இது எங்கட கைக்கு வந்த துருப்புச் சீட்டு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். நேரம் பாத்து விடுவம்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு என் வாய் ஏற்கெனவே ஒருமுறை திறந்துவிட்டது. இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"மகளுக்குச் சொல்லுங்கோ ஐயா. அவதானே கட்டப்போறவ. வேண்டாமெண்டால் அவ சொல்லட்டும்."

அவர் என் கையை விட்டுவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

அடுத்தநாள் காலை, ஆட்கள் வந்து சொல்லுமுன் நானே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையிலடித்துக்கொண்டார். "வள்ளமெண்டு சொன்னது நான்தானே" என்று தன்னையும் ஏசிக்கொண்டார். பிறகு நான் சைக்கிளை எடுத்தேன். முந்திச் செய்த ஐந்து கார்கள் ஐந்து வீடுகளில் இருந்தன. ஒரு புது வீட்டின் படலையைத் தட்டுவதென்றாலே எனக்கு வேர்க்கும். ஐந்து படலையைத் தட்டி, "நான் பிழையாச் செய்துபோட்டன், உங்கட காரை ஒருக்காக் குத்த விடுங்கோ" என்று சொல்லவேண்டியிருந்தது. நான்கு கார்களில் தண்ணீர் வந்தது. ஒரு வாத்தியாருடைய காரில் தண்ணீரோடு நுளம்புக் குடம்பிகளும், அதாவது கொசுப்புழுக்களும், வந்தன. வாத்தியார் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதையே பாடமாக நடத்திவிட்டார். ஐந்தாவது காரில் ஒரு சொட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் அதை ஒருநாளும் மழையில் விட்டதில்லையாம். நல்ல காரைக் குத்திவிட்டாய் என்று அவர் மட்டும்தான் கோபித்தார். அந்த ஐந்து பேரும் பிறகும் எங்கள் கராஜுக்குத்தான் வந்தார்கள், கோபித்தவரும்கூட.

நயினாதீவிலிருந்து பதில் வரவில்லை. ஒரு கிழமை போனது. இன்னொரு கிழமையும் போனது. தரகரும் சந்திப்பக்கம் வரவில்லை. முந்திய இரண்டு இடங்களைப்போல இதுவும் போய்விட்டது, அதற்குக் காரணம் நான் என்றே நினைத்தேன்.  ஒருநாள் ஒரு காரின் அடியில் படுத்துத் தார் பூசிக்கொண்டிருந்தேன். அங்கே கிடப்பவனுக்கு மனிதர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. தரகரின் செருப்பு வந்து நின்றது.  எனக்கு வெளியே வரத் தைரியம் இல்லை.

அதன் பக்கத்தில் இன்னொரு சோடிச் செருப்பு வந்தது. சேலையை ஒதுக்கிக்கொண்டு பவளம் குந்தினாள். காருக்கடியில் மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"அண்ணை, ஓம் எண்டு சொல்லிப்போட்டினம்."

தார் பூசிய கையை நிலத்தில் ஊன்றி அவள் பக்கம் திரும்பினேன்.

"அப்பா தலைமயிர்க் கதையும் சொன்னவர். இந்தப் புத்தி உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டன். இப்பதான் உங்கட பேர் சொன்னவர்."

"உங்களுக்குச் சம்மதமோ தங்கச்சி?"

"இப்பத்தைப் படம் ஒண்டு அனுப்பச் சொல்லி நானே கடிதம் போட்டனான். அதுதான் சுணங்கினது. நேற்றுப் படம் வந்தது. மயிர் குறைவுதான். முகம் சிரிச்ச முகம்."

மேலே தரகர் தொண்டையைச் செருமினார். "வெளியில வாருமன் காணும். மோதகம் கொண்டந்திருக்கிறம்."

"இந்தா வாறன்" என்றேன். ஆனால் கதவடியில் அப்போதுதான் பூசிய தார் ஓட்டையின்மேல் வழிந்து மூடத் தொடங்கியிருந்தது. அது இறுகுமுன் மூன்று ஓட்டைகளையும் திறந்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.